நிலக்கிளி முதல் நடுகல் வரை: வன்னிப் புனைகதையில் இளமைப் பருவம்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்துக் கொண்டனர். செங்கீரை ஆடுதல், சப்பாணி கொட்டுதல், அம்புலியை அழைத்தல் என ஒவ்வொரு பருவமும் உடல் வளர்ச்சியோடும் விளையாட்டோடும் இயைந்து செல்லும். சிற்றிற் பருவத்திலே சிறுமியர் மணலில் வீடு கட்டுவர். பாட்டுடைத் தலைவனாகிய சிறுவன் அதனைக் காலால் அழிப்பான். வீடு அழிதல் அம்மரபில் ஒரு விளையாட்டு. வன்னியில் 1980ஆம் ஆண்டிற்குப் பின் பிறந்த பிள்ளைகளின் வயதோ வேறொரு கணக்கால் எண்ணப்பட்டது. சத்ஜய நடவடிக்கை, ஜயசிக்குறு, பாதை திறந்தமை, பாதை மூடியமை என்று போரின் பெயர்களும் இடப்பெயர்வுகளுமே அவர்களுக்குப் பருவப் பெயர்களாயின. இங்ஙனம் வளர்ந்த ஓர் இளந்தலைமுறையைத் தமிழ்ப் புனைகதை எவ்வாறு கண்டது, எதனைக் காணாது விட்டது என்பது ஆராய்தற்குரியது.

வன்னியின் இளமையைப் பற்றிப் பேசப் புகுவோர் அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’யிலிருந்து தொடங்குதலே முறை. 1973இல் வீரகேசரி வெளியீடாக வந்து சாகித்திய மண்டலப் பரிசும் பெற்ற இந்நாவல், முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணிமுறிப்பைக் களமாக உடையது. தாயை இழந்து காட்டோரத்திலே தந்தையால் வளர்க்கப்படும் பதஞ்சலி என்னும் பெண்ணே அதன் உயிர். குளமும் காடும் அவளுக்குப் பள்ளிக்கூடம். விலங்கின் அடிச்சுவடும் தேனீயின் போக்கும் அவள் கற்ற பாடம். கதிராமன் அவளை மணந்து, தன் தந்தையின் சினத்திற்கு ஆளாகிக் காடு வெட்டிப் புதுநிலம் திருத்தும் பகுதிகள் ஈழத்து நாவல்களிலே உழைப்பைச் சித்திரித்த மிகச் சிறந்த பக்கங்களுள் அடங்கும். இந்நூலுக்குப் பிரதேச இலக்கியம் என்று பெயரிட்டு ஒரு மூலையில் வைத்துவிட்ட திறனாய்வாளர் பலர். அப்பெயரின் நிழலில், ஒரு பெண்பிள்ளை உலகை அறிந்து முதிரும் கதை இது என்பது மறைந்துபோயிற்று.

பதஞ்சலியின் உலகிற்கும் எல்லைகள் உண்டு. ஆனால் அவ்வெல்லைகள் காட்டின் விளிம்பும் குளத்தின் அணைக்கட்டும் சாதி, செல்வம் ஆகியன இட்ட வேலிகளுமேயாம். அவற்றைக் கடக்க ஒருவருடைய கையொப்பமும் வேண்டியதில்லை. நகரத்துக் கல்வியோடு அவ்வூருக்கு வரும் ஆசிரியர் சுந்தரலிங்கத்தின் வருகை அவள் வெள்ளை உள்ளத்திற்குச் சோதனையாகின்றது. தாழப் பறந்து எளிதிற் பிடிபடும் பறவையை நூலாசிரியர் அவளுக்கு உவமையாக்கியது இதுபற்றியே. இங்கு இளமைக்கு வரும் கேடு மனிதமனத்தினின்றும் வருவது. ஆதலின் அது மனத்தாலேயே உணரப்பட்டுத் துயரமாகிக் கனிகின்றது. பிற்கால வன்னி நாவல்களில் இல்லாத ஓர் ஆறுதலான வேகம் இந்நூலுக்கு உண்டு. துயரத்திற்குக் கூட அங்கே காலம் இருந்தது.

அந்த நிலம் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1984ஆம் ஆண்டின் இறுதியில் தண்ணிமுறிப்பும் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் முதலிய அயற்கிராமங்களும் தமிழ்க் குடிகள் இன்றி வெறுமையாக்கப்பட்டன. மணலாறு 1988இல் வெலிஓயா என்று பெயர் மாறியது. எனவே இன்று ‘நிலக்கிளி’யைப் படிக்கும் மாணவன், ஆசிரியர் எண்ணியிராத ஒரு பொருளையும் அதனுட் படிக்கின்றான். கதிராமனும் பதஞ்சலியும் வெட்டித் திருத்திய காணி பின்னர் யார் கைப்பட்டது என்ற வினா, நாவல் முடிந்த பின்னரே தொடங்குகின்றது.

அதன் பின் வந்த தலைமுறை பிளவுண்ட நிலத்திலே பிறந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கிய மக்களிற் பெருந்தொகையினர் கிளாலிக் கடனீரேரியைக் கடந்து வன்னியை அடைந்தனர். அடுத்த ஆண்டு ஜூலையில் முல்லைத்தீவுப் படைத்தளம் புலிகளிடம் வீழ்ந்தது. செப்ரெம்பரிற் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் வீழ்ந்தது. நகரத்து மாந்தர் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி முதலிய இடங்களிற் கொட்டில் அமைத்து வாழ, பாடசாலைகள் மரநிழலிலும் கிடுகுக் கொட்டகையிலும் நடந்தன. 1997 மே மாதம் தொடங்கிய ஜயசிக்குறு, வவுனியாவிலிருந்து வடக்கே செல்லும் கண்டி வீதியை நெடுகிலும் போர்முனையாக்கிற்று. 1998 செப்ரெம்பரிற் கிளிநொச்சி மீண்டும் கைமாறியபோது ஊர் திரும்பியோர் கண்டவை கூரையற்ற சுவர்களும் மிதிவெடிகளுமே.

இப்பிளவின் இயல்பை உணர்த்த ஒரு சொல்லே போதும். அரசாங்கத்தார் தம் வசமான பகுதியை விடுவிக்கப்பட்ட பகுதி என்றும், புலிகளின் பகுதியை விடுவிக்கப்படாத பகுதி என்றும் வழங்கினர். புலிகளும் தம் வசமான பகுதியை விடுவிக்கப்பட்ட பகுதி என்றே வழங்கினர். ஓமந்தைக்கு அப்பாலும் இப்பாலும் ஒரே தமிழ்ச்சொல் எதிரெதிர்ப் பொருளைத் தந்தது. வன்னிச் சிறுவன் ஒருவன் காலையிற் படித்த பாடநூல் கொழும்பு அரசாங்கம் அச்சிட்டது. அவன் ஆசிரியருக்குச் சம்பளம் அளித்ததும் அவ்வரசாங்கமே. அவன் எழுதவிருந்த பரீட்சையும் கொழும்புப் பரீட்சைத் திணைக்களத்தினது. மாலையில் வீதிக்கு வந்தாற் காவற்றுறையும் நீதிமன்றமும் வரியும் புலிகளுடையன. வானத்தில் வரும் விமானம் முன்னவருடையது. பதுங்கு குழி வெட்டச் சொன்னவர் பின்னவர். ஒரே நாளில் இரண்டு அரசுகளின் குடியாக வாழ்ந்த இவ்வாழ்க்கை எந்தப் புனைகதையாளனுக்கும் அரிய பொருள். ஆயின் அதனை முழுமையாகக் கையாண்டவர் மிகச் சிலரே. பெரும்பாலோர் இரண்டில் ஒன்றையே கண்டனர்.

தீபச்செல்வன் இத்தலைமுறையினர், 1983இற் கிளிநொச்சியிற் பிறந்தவர். ‘பதுங்குகுழியில் பிறந்த குழந்தை’ என்ற அவருடைய முதற் கவிதைத் தொகுதி 2008இல், போர் உச்சமுற்றிருந்த காலத்தில் வெளிவந்தது. நூற்பெயரே ஒரு பருவத்தைக் கூறிவிடுகின்றது. மண்ணுக்குள் இறங்கி உயிர் காக்கும் இடத்திலே பிறப்பு நிகழ்கின்றது. கருவறையும் புதைகுழியும் ஒரே வடிவினவாகத் தோன்றுகின்றன. அவருடைய ‘நடுகல்’ நாவல் போர் முடிந்து பத்தாண்டு கழிந்து 2019இல் வந்தது. அண்ணன் வெள்ளையன் இயக்கத்திற் சேர்ந்து மாய்கின்றான். தம்பி வினோதன் வளர்கின்றான். மாய்ந்தவனுடைய ஒரு புகைப்படந்தானும் வீட்டில் இல்லை. தாய்க்காக அந்த ஒரு படத்தைத் தேடுவதே கதையின் அச்சு.

புகைப்படம் என்னும் இச்சிறு பொருளைத் தேர்ந்ததில் ஆசிரியரின் கலைத்திறன் புலனாகின்றது. போரின் இறுதி மாதங்களிற் சீருடையணிந்த பிள்ளையின் படத்தைக் கையில் வைத்திருத்தல் முழுக் குடும்பத்திற்கும் ஆபத்தாயிற்று. எத்தனையோ தாய்மார் தம் பிள்ளைகளின் படங்களைத் தாமே எரித்தனர்; சிலர் பொலித்தீனிற் சுற்றிப் புதைத்தனர்; புதைத்த இடம் பின்னர் அடையாளம் தெரியாது போயிற்று. துயிலும் இல்லங்களும் 2009இற்குப் பின் இயந்திரங்களால் உடைத்து மட்டமாக்கப்பட்டன. கிளிநொச்சி கனகபுரத்தில் மக்கள் மீண்டும் உள்ளே சென்று துப்புரவு செய்து விளக்கேற்ற 2016வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கல்லும் இல்லை, படமும் இல்லை என்ற நிலையில் ‘நடுகல்’ என்ற தலைப்பு பழைய மரபொன்றைச் சுட்டி நிற்கின்றது. சங்க காலத்திற் கல்லைத் தேர்ந்து, நீராட்டி, வீரனின் பெயரும் பீடும் பொறித்து நட்டு, மயிற்பீலி சூட்டி வழிபட்டனர். அங்கே ஊர் கூடிச் செய்த கடனை இங்கே ஒரு தம்பி தனியனாய், மறைவாய்ச் செய்ய வேண்டியிருக்கின்றது. தேடல் தொடருந்தோறும் நாவலே அக்கல்லாகின்றது.

பலஸ்தீன எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானி 1967ஆம் ஆண்டுப் போருக்குப் பின் எழுதிய ‘ஹைஃபாவுக்குத் திரும்புதல்’ என்னும் குறுநாவலிலும் இத்தகைய ஒரு படம் வருகின்றது. இருபது ஆண்டின் பின் யாஃபாவிலுள்ள தன் பழைய வீட்டைக் காணச் செல்லும் ஒருவன், போரில் இறந்த தன் சகோதரன் பத்ரின் படம் சுவரில் அப்படியே தொங்கக் காண்கின்றான். அங்கு குடியிருக்கும் அரபியர் அதனைப் பேணி, தம் மகனுக்கும் பத்ர் என்றே பெயரிட்டுள்ளார். படத்தைக் கேட்டுப் பெற்றுச் சென்றவன், அஃது அவ்வீட்டாருக்கே உரியது என உணர்ந்து பாதிவழியில் திரும்பிவந்து கொடுத்துவிடுகின்றான். இறந்தவன் யாருக்கு உரியவன், இரத்த உறவினர்க்கா, அவன் நினைவோடு அம்மண்ணில் தங்கி வாழ்ந்தவர்க்கா என்னும் கடிய வினா அங்கே எழுப்பப்படுகின்றது. ‘நடுகல்’ இவ்வினாவின் வாயில்வரை செல்கின்றது, உட்புகவில்லை. வெள்ளையன் தாய்க்கு உரியவன், இயக்கத்திற்கும் உரியவன், ஊருக்கும் உரியவன் என்னும் மூன்று உரிமைகளும் நாவலில் ஒன்றாகவே கொள்ளப்படுகின்றன. அவை ஒன்றோடொன்று முரணக்கூடும் என்ற எண்ணம் ஆசிரியரை வருத்தியதாகத் தெரியவில்லை.

நாவலின் குறையும் இதனோடு தொடர்புடையது. பிள்ளைகள் பிள்ளைகளாய்ப் பேசும் இடங்களில், வீடும் வறுமையும் சகோதரர் இருவரின் பற்றும் விரியும் இடங்களில், நடை இயல்பாய் ஒழுகுகின்றது. இயக்கத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடம் வந்தவுடன் மாந்தர் மேடையேறி விடுகின்றனர். சிறுவனின் வாயில் அறிக்கையின் தொடர்கள் வருகின்றன. சூழ்ந்து நின்ற இராணுவத்தின் நிழல் ஒவ்வொரு பக்கத்திலும் விழுகின்றது. உள்ளே இருந்த ஆட்சியின் நிழல் உரிய கனத்தோடு விழவில்லை. இது கட்சிச் சார்பு பற்றிய குற்றச்சாட்டன்று, கலை பற்றியது. வன்னி இளைஞனை இரண்டு சுவர்கள் அடைத்து நின்றன. ஓமந்தைக்கு வெளியே செல்ல இராணுவத்தின் அனுமதி வேண்டும். அவ்வளவு தூரம் செல்வதற்கே புலிகளின் பயண அனுமதியும் அதற்குப் பிணை நிற்க ஓர் ஆளும் வேண்டும். ஒரு சுவரை மட்டும் வரையும் ஓவியன் அறையை வரைந்தவனாகான்.

இரண்டாவது சுவரின் கடுமை 2006ஆம் ஆண்டிற்குப் பின் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் 11இல் ஏ 9 வீதி மூடப்பட்டது. மூன்று நாளில் வள்ளிபுனத்துச் செஞ்சோலை வளாகத்தின்மீது வான்படை குண்டு வீசியதில் பாடசாலை மாணவியர் பலர் மாண்டனர். அதனை அடுத்து வீட்டுக்கு ஒருவர் என்ற கட்டாய ஆட்சேர்ப்பு வன்னியெங்கும் இறுகிற்று. மணமானோர்க்குச் சிலகாலம் விலக்கு இருந்தமையாற் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகத் தாலி கட்டப்பட்டது. மகனைக் கட்டிலின் கீழும் காட்டிலும் ஒளித்துவைத்த தாயர் பலர். வடகிழக்கில் 2003 முதல் 2008 வரை சிறுவர் சேர்க்கப்பட்ட 6,000க்கு மேற்பட்ட நிகழ்வுகளை ஐக்கிய நாடுகளின் சிறுவர் நிதியம் பதிவு செய்துள்ளது.

இங்கே புறநானூற்று மரபைப் பற்றிய ஒரு குறிப்பு வேண்டற்பாலது. முன்னே தமையனையும் பின்னே கணவனையும் போரில் இழந்த ஒருத்தி, தன் ஒரே மகனுக்குத் தலைவாரி வேல் கொடுத்துக் களத்திற்கு அனுப்பியதை ஒக்கூர் மாசாத்தியார் பாடியுள்ளார். அக்காட்சி ஈழத்து மேடைகளில் எடுத்துரைக்கப்பட்டமைக்குக் கணக்கில்லை. அப்பாட்டைக் கூர்ந்து நோக்குவார் ஒன்று காண்பர். அதில் தாய் ‘செல்க’ என்னும் ஒரு சொல்லுக்கு மேல் பேசுவதில்லை. அவளைப் பார்த்து நிற்கும் புலவரின் வாக்கில் வியப்போடு நடுக்கமும் கலந்திருக்கின்றது. பறையொலி கேட்ட அவளும் மயங்கிய நிலையினளே. மேடைகளில் நடுக்கம் உதிர்ந்து வியப்பு மட்டும் எஞ்சிற்று. இருபதாம் நூற்றாண்டின் மறக்குடி மகளை அவ்வெஞ்சிய பாதியைக் கொண்டே படைத்த நூல்கள், பிள்ளையை ஒளித்த தாயைப் பாடுதற்கு மொழியின்றி நின்றன.

அத்தாயைக் கண்டவர் தமிழ்க்கவி. அவருடைய ‘ஊழிக்காலம்’ 2013இல் வெளிவந்தது. அதன் பார்வை இளையோரது அன்று, ஒரு பேர்த்தியாருடையது. கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால்வரை பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு இடம்பெயரும் அம்முதியவள் அரிசியின் விலையையும் தறப்பாளின் கிழிசலையும் கணக்கிட்டுக்கொண்டே செல்கின்றாள். இயக்கத்தோடு நெடுங்காலம் நின்றவர் எழுதிய நூலாதலின், உள்ளிருந்தே எழும் கண்டனம் அதில் உரத்துப் பேசாமலே கேட்கின்றது. நடை கரடுமுரடானது, அத்தியாயங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன, ஓடுகின்றவர் கதைக்கு அந்நடை பொருந்துகின்றது. ஆயினும் இளையோர் அதில் காக்கப்படுவோராகவும் இழக்கப்படுவோராகவும் மட்டுமே வருகின்றனர். அவர் உள்ளத்தினுட் செல்ல அந்தப் பேர்த்தியாருக்கு நேரமில்லை.

உட்சென்றவை வேறு இரு நூல்கள். பரந்தனிற் பிறந்து, உயர்தர வகுப்பு மாணவியாயிருந்த காலத்தில் 1991இல் இயக்கத்திற் சேர்ந்த தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ அவர் மறைவின் பின் 2016இல் வெளிவந்த தன்வரலாறு. அதன் சில பகுதிகள் அவருடையனவோ என்று ஐயுற்றோர் உண்டு, அவ்வாதம் முடிவுபெறவில்லை. எனினும் பள்ளிச் சிறுமி ஒருத்தி எப்படி ஒருநாள் புத்தகத்தை வைத்துவிட்டுப் போகின்றாள் என்பதை உரைக்கும் தொடக்க அத்தியாயங்களின் மெய்ம்மையை எவரும் மறுத்திலர். அவ்வாறு தானே விரும்பிச் சென்றவள், பதினெட்டு ஆண்டின் பின் விரும்பாதோர் இழுத்துவரப்படுவதைக் காணும்போது எழுதும் பக்கங்களே அந்நூலின் மையம். குணா கவியழகனின் ‘நஞ்சுண்டகாடு’ 2014இல் வெளிவந்தது. பயிற்சி முகாம் ஒன்றில் இளைஞர் சிலரின் பசி, களைப்பு, நகைச்சுவை, வீட்டு நினைவு ஆகியவற்றை அது கூறுகின்றது. வீரம் பேசாமலே வீரரைக் காட்டியது அதன் சிறப்பு. தோழன் ஒருவனின் தமக்கை படும் வறுமையினூடாக, போராட்டம் யாருடைய பிள்ளைகளால் நடந்தது என்ற வினாவையும் மெல்ல எழுப்பிச் செல்கின்றது.

அவ்வினாவை விரித்துரைத்தது சயந்தனின் ‘ஆதிரை’. 2015இல் வந்த இப்பெருநாவலின் தனிச்சிறப்பு, வன்னி என்பது ஒரே இயல்பினதன்று என உணர்த்தியமையாகும். 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்திலிருந்து ஓடிவந்து காட்டோரங்களிற் குடியேறிய குடும்பங்கள் அதிற் கதைமாந்தராகின்றன. அவர்தம் பிள்ளைகளுக்கு வன்னி பிறந்த மண்; ஆயினும் நெடுங்காலம் உரிமைமண் ஆகவில்லை. எல்லைக் கிராமங்களில் முதலில் இறந்தவர் அவர்களே. கல்வியிலும் காணியிலும் கடைசியில் நின்றவரும் அவர்களே. பரப்பு மிகுதியால் மாந்தர் சிலர் முகம் காட்டி மறைந்துவிடுகின்றனர் என்பது குறை. ஆனால் இராணுவம், இயக்கம், சாதி, வறுமை என எல்லாச் சுவர்களையும் ஒரே அறையில் வைத்துக் காட்டிய முயற்சி அவ்வளவு பெரிதாக வேறெங்கும் நிகழவில்லை.

போரின் முடிவோடு நிலம் மீண்டுவிட்டதாகவும் கூறமுடியாது. 2009 மே மாதத்தின் பின் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் செட்டிகுளத்து மெனிக் பாம் முதலிய முகாம்களிற் கம்பிவேலிக்குள் இருந்தனர். அம்முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டபோது கேப்பாப்புலவு மக்கள் தம் ஊருக்குச் செல்லவில்லை. ஊர் படைத்தளமாயிருந்தமையால் அயலில் அமைத்த மாதிரிக் கிராமத்தில் இருத்தப்பட்டனர். 2017இல் அவர்கள் முகாம் வாயிலில் அமர்ந்து போராடியபோது, தம் வீட்டை ஒருநாளும் கண்டிராத சிறுவர் அவ்வீட்டுக்காகப் பதாகை ஏந்தி நின்றனர். அதே ஆண்டு பெப்ரவரி 20இற் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலின் முன் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாயர் தொடங்கிய போராட்டத்திலும் படங்களே ஆயுதங்களாயின. கையிற் படம் உள்ள தாய் அதனை ஏந்தினாள். படம் இல்லாதவளின் நிலையை ‘நடுகல்’ எழுதிற்று. அவ்வகையில் அதன் இடம் உறுதியானது.

எழுதப்படவேண்டியோர் இன்னும் உளர். இறுதிக் காலத்தில் பிடித்துச் செல்லப்பட்டு, சரணடைந்து, புனர்வாழ்வு முகாம் கண்டு, மீண்டும் பாடசாலைச் சீருடை அணிந்த சிறுவர் அவர்கள். அவருட் பலர் இரத்மலானை இந்துக் கல்லூரியிற் சேர்க்கப்பட்டுப் படிப்பைத் தொடர்ந்தனர். ஈராண்டிற்குள் இரண்டு சீருடைகளை அணிந்த அவர்களின் குரல் தமிழ்ப் புனைகதையில் மிக மெலிந்தே ஒலிக்கின்றது. ‘நடுகல்’ சிங்களத்திலும் பெயர்க்கப்பட்டுள்ளது. தெற்கில் மகனை இழந்த ஒரு குடும்பத்தின் சுவரில் மாலையிட்ட படமும் ஊர்ச்சந்தியிற் பெயர் பொறித்த நினைவுக்கல்லும் இருக்கும். அவ்வீட்டு இளைஞன் ஒருவன் படமற்ற இத்தம்பியின் கதையைத் தன் மொழியிற் படிக்க இப்போது வழியுண்டு.